மாதேஷ் அண்ணன் விற்ற பாலிசி

பெரியப்பாவை ஆம்புலன்சில் ஏற்றியபோது பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: பெரியம்மா, என் அப்பா, நான். என் அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்டில் இருந்தாள். போனை வெளியே பையில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். இருக்க வேண்டியவர், இல்லாதவர், மாதேஷ் அண்ணன். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே மகன். பெங்களூரில் பொம்மசந்திரா பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் உத்தனப்பள்ளியிலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம்.

பெரியப்பா இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் ரோடு வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிறார். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் கம்பெனி ஆட்கள். நடந்ததைக் கேட்டதும் எங்கள் லைனில் வேலை செய்கிற மூன்று பேர், தங்கள் வீட்டில் வயதானவர்கள் கட்டிவருகிற பாலிசிப் பேப்பரைக் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்த காகிதத்தில் இருந்த தப்பைக் கண்டுபிடிக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அன்று காலை பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிமிரும்போது உட்கார்ந்துவிட்டார். வியர்வை சட்டையை நனைத்திருந்தது. "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துனு இருக்கற மாதிரி இருக்குதுடா" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை அது. மாத்திரைகளை மென்று விழுங்கச் சொல்லி, 108-இல் ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஓசூரில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயத் தசை காயப்பட்டால் ஒரு பொருள் ரத்தத்தில் கசியுமாம். பெரியப்பாவுக்குக் கசிந்திருந்தது.

"சின்ன அட்டாக்தான். ஊசி போட்டாச்சு, இப்போதைக்குப் பயமில்ல. ஆனா ரெண்டு மூணு நாளுக்குள்ள ஆஞ்சியோ பண்ணிப் பாக்கணும். எங்க அடைப்புன்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கா? இருந்தா இங்க ஓசூர்லயே பிரைவேட்ல பணம் கட்டாம பண்ணிக்கலாம்."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன்னால் பஞ்சாயத்து ஆபீசில் அந்த அட்டைக்கு முகாம் போட்டபோது அவர்களைக் கூட்டிப்போய் வரிசையில் நிற்கவைத்தவனே நான்தான்.

"அது எங்க போச்சுன்னு தெரியலடா. மழையில வூடு ஒழுகனப்ப பேப்பரெல்லாம் நாசமாப் போச்சு" என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டு, கையில் இருந்த பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "நமக்குத்தான் பாலிசி இருக்குதே. வருசா வருசம் கட்டலியா? பின்னாடி ஆஸ்பத்திரி பேரெல்லாம் போட்டிருக்கும் பாரு."

பின்பக்கம் பட்டியல் இருந்தது. மாநில எல்லையில் ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடகாவில் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி.

"அங்கயே போலாம். மாதேசு வூட்டுக்குப் பக்கம்" என்றார் பெரியம்மா.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "படிச்சவன் நீ, சொல்லுடா." ஆஸ்பத்திரிப் பட்டியலுக்கு முன்னால் பொடி எழுத்தில் இருபது பக்கம் இருந்தது. நான் பட்டியலை மட்டும் படித்துவிட்டு, போலாம் என்றேன். தனியார் ஆம்புலன்ஸ்காரன் மூவாயிரத்து ஐந்நூறு கேட்டான்.

அந்தப் பாலிசியின் கதையைச் சொல்ல வேண்டும். மாதேஷ் அண்ணன் கார் ஓட்டப் போவதற்கு முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்தார். மாதத்துக்கு இத்தனை பாலிசி பிடிக்க வேண்டும் என்று இலக்கு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் பிடித்த முதல் பாலிசி அவருடைய அப்பா அம்மா பேரில்தான். பெரியப்பா அப்போது ஒரு கம்பெனியில் கான்டிராக்ட் வாட்ச்மேன். மகன் பேக்கைத் திறந்து, பேனாவை எடுத்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்று சொன்னபோது அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும், "நமக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்காரன் கதவைத் தொறந்து வெச்சுனு நிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு வருடா வருடம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பணம் வாங்க வருவார். பெரியம்மா முந்தின நாளே கோழி சொல்லிவைத்துவிடுவார். களியும் கோழிக்குழம்பும். அண்ணன் சாப்பிட்டு, படுத்து எழுந்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார். கல்யாணம் ஆகி, ஏஜென்ட் வேலையை விட்டு, கார் ஓட்டப் போன பிறகும் அந்த ஒரு ஞாயிறு தவறவில்லை. மற்ற நாளில் வராதவர் அதற்கு மட்டும் வந்தார்.

நான்கு வருடம் முன்பு வந்தபோது, "இனிமே யாரும் அலைய வேண்டாம், பேங்குலயே தானா புடிச்சுக்கும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. கணக்கு எண், தேதி, எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுத்தது நான். அப்போது டிப்ளமோ கடைசி வருடம். அண்ணன் என் முதுகில் தட்டி, "நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது உருப்பட்டான்" என்றார். அதற்குப் பிறகு பணம் தவறாமல் போனது. அண்ணன் வரவில்லை.

அத்திப்பள்ளி ஆஸ்பத்திரியில் பெரியப்பாவை ஐசியூவுக்குள் கொண்டுபோனார்கள். அட்வான்ஸ் ஐம்பதாயிரம். நான் பைக் வாங்கச் சேர்த்துவைத்த முப்பத்திரண்டாயிரம் இருந்தது. அம்மா வேலை முடிந்து நேராக அடகுக் கடைக்குப் போய் கம்மலை வைத்துவிட்டு, காதில் வேப்பங்குச்சியோடு மாலையில் வந்து சேர்ந்தாள். கையில் தூக்குப்போசியில் களி. "அடிச்சுப் புடிச்சு வந்தன், சூடா இருக்குது, தின்னுங்க மொதல்ல" என்றாள். பெரியம்மா அவள் காது மடலை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

அண்ணனுக்கு நான் போன் போட்டேன்.

"இப்ப எப்பிடி இருக்காரு?"

"பேசறாருண்ணா. உன் வூட்டுக்குப் பக்கத்துலதான் சேத்திருக்கு."

"ட்யூட்டியில இருக்கன்டா. பாலிசி இருக்குதில்ல, அத குடு. நான் வரன்."

பெரியம்மா என் கையிலிருந்து போனை வாங்கவில்லை. "எப்ப வரானாம்?" என்று மட்டும் கேட்டார். வருவார் என்றேன்.

மூன்றாவது மாடியில் காத்திருக்கும் அறை. ஜன்னலுக்குக் கீழே பெங்களூர் ஹைவே. பெரியம்மா அந்த ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் நம்பர் பலகை போட்ட வெள்ளைக் கார் ஒன்று சர்வீஸ் ரோட்டில் திரும்பினால் அவர் எழுந்துவிடுவார். இறங்குகிற ஆளைப் பார்த்துவிட்டு உட்காருவார். அந்த ரோட்டில் நிமிடத்துக்கு நான்கு வாடகைக் கார் போகும். பக்கத்தில் ஆனேக்கல்லைச் சேர்ந்த ஒரு கன்னடக்கார அம்மா தன் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தார். "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார், சாப்பிட்டாச்சா என்று. பெரியம்மா கன்னடத்திலேயே, மகன் வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று பதில் சொன்னார். களியில் பாதியை மூடிவைத்திருந்தார்.

மறுநாள் காலை இன்சூரன்ஸ் மேசையில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த பெண் தமிழில்தான் பேசினாள், தருமபுரிப் பக்கம்.

"அண்ணா, இது பில்லு கட்டற பாலிசி இல்லீங்க. தினப்படி பாலிசி. ஆஸ்பத்திரியில படுத்தா ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபா கையில குடுப்பாங்க. அதுவும் மொத ரெண்டு நாளக் கழிச்சுடுவாங்க."

"அப்போ ஆபரேஷன்?"

"எந்த ஆபரேஷன் பண்ணாலும் அதே ஆயிரம்தாங்க. பின்னாடி போட்டிருக்கற லிஸ்டு, எந்தெந்த ஆஸ்பத்திரியில படுத்தா அந்த ஆயிரம் தருவாங்கன்னு. நீங்க ஓசூர்லயே படுத்திருந்தாலும் இதேதான்."

ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினாள். எளிய ஆங்கிலம்தான். பத்தாம் வகுப்பில் நான் படித்திருந்தாலே புரிந்திருக்கும்.

பெரியப்பாவுக்கு ஆஞ்சியோ முடிந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, மருந்துச் சாயத்தைச் செலுத்தி, ரத்தக் குழாய்களைத் திரையில் பார்ப்பது. வலி அதிகம் இல்லை என்றார். முக்கியமான குழாய் ஒன்றில் தொண்ணூறு சதவிகிதம் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டும். அடைப்பைத் தள்ளி வழியைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். மேற்கொண்டு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். "அதிகம் தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர்.

பார்க்க விட்டபோது பெரியப்பா ஐசியூ வாசலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். "அந்த செக்யூரிட்டி பையன் சரியில்லடா. பேரு கேக்காம உள்ள வுடறான். என் கேட்டுல இப்பிடி வுட்டா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும்" என்றார். பிறகு, "மாதேசு வந்தானா?" என்றார்.

"வரேன்னாரு பெரியப்பா."

"பேரு கேக்காம வுடறானுங்க. வந்தா உள்ள வந்திருப்பானே."

வெளியே வந்து படிக்கட்டில் நின்று அண்ணனுக்கு மறுபடியும் போன் போட்டேன். எனக்குக் கோபம். "பத்து கிலோமீட்டர் வரமுடியலியாண்ணா உனக்கு? அந்தப் பாலிசி எதுக்கும் ஆவாதுன்னு இங்க சொல்றாங்க."

ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும்டா" என்றார் அண்ணன். "ஏஜென்ட் வேலைய வுட்டதே அதனாலதான். அப்பவே நிறுத்தச் சொல்லியிருக்கணும். சொன்னா, பெத்தவங்க தலையிலயே கட்டினியான்னு கேப்பாங்கன்னு வுட்டுட்டன். ரெண்டு தடவ அந்த ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தன்டா. எந்த மூஞ்சிய வெச்சுனு அந்தாளு முன்னாடி போயி நிக்கறது? அந்தாளு ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்காரு, ஆஸ்பத்திரிக்காரன் கதவத் தொறப்பான்னு."

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வாண்ணா."

"வரன்" என்றார். போன் நின்றுவிட்டது.

மேலே போனேன். இரண்டு லட்சத்துக்கு எங்கே போவது என்று அப்பா யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நிற்கிற மாட்டை விற்பது வரை பேச்சு வந்துவிட்டது. நான் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னேன். அண்ணன் பேசியதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம்: இந்தப் பாலிசி பில்லைக் கட்டாது, ஸ்டென்டைத் தள்ளிப்போட்டால் அடுத்த அட்டாக் பெரிதாக வரலாம்.

பெரியம்மா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. மடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளே ஒரு சுருக்குப் பை. அதற்குள் எட்டாக மடித்த பால் கவர். அதற்குள்ளிருந்து அரசுக் காப்பீட்டு அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். நனையவும் இல்லை, கிழியவும் இல்லை.

"பெரியம்மா!"

"அட்டையக் குடுத்தா நீ ஓசூர்லயே சேத்துடுவ. அங்க சேத்தா அவன் எப்பிடிடா வருவான்? இங்கன்னா பக்கம். ரெண்டு தெரு தள்ளி அப்பன் படுத்துனு இருந்தா வராம இருப்பானா?" என்றார். "ரெண்டு நாளு பாத்துட்டன். போதும். உங்க பெரியப்பாவ இட்னு போ."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உயிரோடு விளையாடினாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அப்போது கீழே ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. போதும் என்று சொன்ன அதே ஆள் பாதி எழுந்துவிட்டார். நான் அட்டையோடு அப்பாவிடம் போனேன்.

மூன்றாம் நாள் காலை பில் கட்டி, இன்னொரு ஆம்புலன்சில் எல்லையைத் தாண்டி ஓசூருக்குத் திரும்பினோம். அட்டை எடுபடுகிற ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அன்று மதியமே அனுமதி வந்தது, மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். பணம் கட்டும் ஜன்னலுக்கு நான் போகவே இல்லை. பெரியப்பா வார்டுக்கு வந்ததும் பக்கத்துக் கட்டில் சூளகிரிக்காரரோடு தெலுங்கில் பேச ஆரம்பித்துவிட்டார். "உள்ள ஸ்பிரிங்கு வெச்சுட்டானுங்க. இனி எகிறி எகிறித்தான் நடக்கணும்" என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும் வரை நான்கு நாள் இருந்தோம். வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். பெரியம்மா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கீரையை ஆய்ந்து அம்மாவிடம் கொடுத்தனுப்பினார், கட்டிலைச் சுற்றித் துடைத்தார், எல்லாருக்கும் சோறு பிரித்துக் கொடுத்தார். யாருக்காகவும் எதையும் மூடிவைக்கவில்லை.

பாலிசிக்காரர்களுக்கு எல்லாப் பேப்பரையும் அனுப்பினேன். அத்திப்பள்ளியில் இருந்தது இரண்டு நாள், அது கழிவு. ஓசூரில் நான்கு நாள், அதில் இரண்டு கழிவு. ஆறு வாரம் கழித்து இரண்டாயிரம் ரூபாய் வந்தது.

பங்குனி வந்தது. பேங்கில் பணம் பிடிப்பதற்குள் பாலிசியை நிறுத்திவிட வேண்டும் என்று அரை நாள் லீவு போட்டு பெரியம்மாவைக் கூட்டிப்போனேன். பஸ்சில் போகும்போதுதான் அண்ணன் போனில் சொன்னதைச் சொன்னேன். கேட் வரைக்கும் இரண்டு தடவை வந்தார் என்பதையும். பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த காருல வந்தான்?" என்று மட்டும் கேட்டார்.

பேங்கில் கவுண்டரில் இருந்த அம்மா கேட்டார், "பாலிசியே வேண்டாம்னு எழுதித் தர்றீங்களா? இல்ல, கணக்குல பிடிக்கறத மட்டும் நிறுத்தணுமா?"

"பிடிக்கறத மட்டும்" என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, இது தண்டம். ஒன்பது வருசம் கட்டி ரெண்டாயிரம் வந்திருக்குது."

"எனக்குக் கணக்குத் தெரியாதாடா?"

"அப்பறம் எதுக்கு?"

"நிறுத்திட்டா, நீ எங்கள ஏமாத்திட்டன்னு அவனுக்கு எழுதியே குடுத்த மாதிரி ஆயிடும். அதுக்கப்பறம் சாவுக்குக் கூட வரமாட்டான்." கவுண்டரில் இருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீதான அன்னிக்கு எழுதன. இதையும் எழுது. எழுதிட்டு அவனுக்கு போன் போடு. அம்மா கையிலதான் குடுப்பாளாம், வந்து வாங்கினு போ அப்பிடின்னு சொல்லு."

எழுதினேன். பேங்க் வாசலில் நின்று போன் போட்டேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். திட்டுவாங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "இந்த வருசம் எவ்ளோ?" என்றார். வயது ஏறியதால் ஒன்பதாயிரத்து நானூறு என்றேன். "சரி" என்றார். எப்போது என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் அவராகவே போன் போட்டு, அப்பா களி சாப்பிடலாமா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

கட்டவேண்டிய தேதி போய்விட்டது. கம்பெனி தரும் ஒரு மாதக் கெடுவில் இன்னும் பன்னிரண்டு நாள் மிச்சம் இருக்கிறது. பெரியம்மா பணத்தை எடுத்து வீட்டில் வைத்திருக்கிறார். கோழி சொல்லும் வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவைத்துவிட்டு, ஞாயிறு மதியத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்.

என்ன செலவானது என்று லைனில் எல்லாரும் கேட்கிறார்கள். எழுதிவைத்திருக்கிறேன். அத்திப்பள்ளி பில் எழுபத்து நான்காயிரத்து முந்நூறு. இரண்டு ஆம்புலன்சும் ஏழாயிரத்து ஐந்நூறு. வெளியே வாங்கிய மருந்து, பஸ், ஆட்டோ, சாப்பாடு ஆறாயிரத்து ஐந்நூறு. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது வருடம் கட்டிய பாலிசிப் பணம் அறுபத்து ஆறாயிரத்து இருநூறு. வந்த இரண்டாயிரத்தைக் கழித்துக்கொண்டேன். பெரியம்மா எடுத்துவைத்திருக்கும் ஒன்பதாயிரத்து நானூறை அண்ணன் இன்னும் வந்து வாங்கவில்லை. அது செலவுதானா என்று தெரியாமல் இரண்டு நாள் விட்டுவைத்திருந்தேன். பிறகு சேர்த்துவிட்டேன்.

மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.